பெட்ரோல் சிக்கனமும் நியூட்ரல் ஓட்டமும்

மோட்டார் வண்டி ஓட்டுவோரிடையே நெடுங்காலமாகத் தீராத வழக்கொன்று இருந்து வருகிறது. வண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கையில், யந்திரத்தின் உதவி சிறிதும் வேண்டாத ஓரிடம் வருகிறது. சாலை சற்றே இறங்குகிறது. அல்லது தூரத்தில் நிற்க வேண்டிய இடம் தென்படுகிறது. அப்பொழுது கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியைத் தன் போக்கில் உருள விடுவது சிக்கனமா, கியரிலேயே வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது சிக்கனமா என்பதே அவ்வழக்கு. இரு கட்சியாரும் தத்தம் அனுபவத்தையே சாட்சியாக நிறுத்துகின்றனர். ஜெர்மனியில் உற்பத்தியாகும் தானியங்கிக் கியர் வண்டிகளில் சில, டிரைவரைக் கேளாமல் தாமே இவ்வழக்கை விசாரித்து, க்ஷணத்துக்கு க்ஷணம் தீர்ப்புச் சொல்லி வருகின்றன. அத்தீர்ப்பின் காரணங்களை அறிந்துகொள்வது, அவ்வண்டிகளை வாங்க வசதி படைத்தோருக்கு மாத்திரமன்றி, சாதாரண வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் பயன்படும். பணத்தைக் காப்பதோடு உயிரையும் காக்கும் விஷயம் இது.

வழக்கிலுள்ள சொத்து யாது என்பதை முதலில் தெளிவு செய்துகொள்வோம். 1,500 கிலோ எடையுள்ள ஒரு வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும்பொழுது, அதன் ஓட்டத்திலே சுமார் 5,80,000 ஜூல் சக்தி அடங்கியிருக்கிறது. பெட்ரோலில் உள்ள சக்தியில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகவே யந்திரம் சக்கரங்களுக்கு அளிக்கிறது. இதைக் கணக்கில் கொண்டால், அவ்வேகத்தை உண்டாக்க ஏறக்குறைய 60 மில்லி லிட்டர் பெட்ரோல் செலவாகியிருக்க வேண்டும். ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய மூலதனம் அது. அதை எப்படிச் செலவிடுவது என்பதே கேள்வி.

கியரில் வைத்துக் காலை எடுத்தால் நேர்வது என்ன? இக்காலத்து யந்திரங்களில் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கம்ப்யூட்டரே ஆள்கிறது. சக்கரங்கள் யந்திரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும் வரையில் யந்திரத்துக்குப் பெட்ரோல் வேண்டுவதில்லை என்று கண்டு, அது பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. ஆகவே அந்நேரத்துச் செலவு பூஜ்யம். ஆனால் யந்திரத்தைச் சுழற்றும் சுமை சக்கரங்களின்மேல் விழுவதால், வண்டியின் வேகம் விரைவில் குன்றுகிறது. இதையே டிரைவர்கள் இன்ஜின் பிரேக் என்கின்றனர். நியூட்ரலில் உருண்டாலோ, காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வுமே வேகத்தைக் குறைக்கும். வண்டி நெடுந்தூரம் ஓடும். ஆனால் யந்திரம் அணைந்துவிடாமல் மெதுவாய்ச் சுழன்றுகொண்டிருக்கப் பெட்ரோல் வேண்டும். மணிக்கு 0.6 லிட்டர் என்று கொண்டால், நிமிஷத்துக்கு 10 மில்லி லிட்டர் ஆகிறது. ஆக, ஒருவன் கைச்செலவை நிறுத்தி மூலதனத்தைக் கரைக்கிறான். மற்றவன் சிறிது கைச்செலவு செய்து மூலதனத்தைக் காக்கிறான்.

இவர்களில் எவன் சிக்கனக்காரன்? முன்னே வருவது யாதென்று தெரியாமல் விடை சொல்ல இயலாது. சிவப்பு விளக்கோ, கூரிய வளைவோ, சுங்கச்சாவடியோ எதிரே இருந்தால், வேகத்தை எப்படியும் இழக்கத்தான் வேண்டும். காத்து வைத்த மூலதனம் முழுவதையும் பிரேக்கில் சூடாக்கி வீணாக்குவதைவிட, கியரில் இருந்து பெட்ரோல் செலவின்றி வேகம் குறைவதே மேல். சாலை மெல்லிய சரிவாய் நீண்டு கிடந்து, வேகம் இன்னும் தேவைப்படுமாயின், உருள விடுவதே மேல். ஒரே விதியை எல்லா இடத்துக்கும் விதித்த இரு கட்சியாரும் பாதி வழக்கில் தோற்றவர்களே.

நியூட்ரல் கட்சியார் இந்நம்பிக்கையை வீணாகப் பெற்றாரல்லர். கார்புரேட்டர் இருந்த காலத்தில், கியரில் காலை எடுத்தாலும் யந்திரம் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டேதான் இருந்தது. அன்று நியூட்ரலால் சிறிது மிச்சம் உண்டு. இன்று அதே வாதத்தைக் கூறுவது, ரத்தாகிப்போன சட்டத்தை ஆதாரமாகக் காட்டி வாதாடுவதை ஒக்கும்.

உருள விடும் அமைப்பும் புதிதன்று. 1930-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஸ்டூடிபேக்கர் கம்பெனியார், சைக்கிளிலுள்ள ஃப்ரீவீலைப் போன்ற ஓர் அமைப்பைத் தம் கார்களில் புகுத்தினர். காலை எடுத்ததும் சக்கரம் யந்திரத்தை விட்டுப் பிரிந்துவிடும். பெட்ரோல் மிச்சமாயிற்று, ஆனால் மலைச்சரிவுகளில் இன்ஜின் பிரேக் இல்லாமற்போகவே, பாரமெல்லாம் அக்காலத்து எளிய பிரேக்குகளின்மேல் விழுந்தது. விடத் தெரிந்த அந்த யந்திரத்துக்கு, எப்பொழுது விடக்கூடாது என்பது தெரியாது. அதன் குறை அதுவே.

அக்குறையைத்தான் இன்றைய வண்டிகள் நிவர்த்தித்திருக்கின்றன. 2011-ல் வெளிவந்த போர்ஷே 911 வண்டியிலும், 2012-ல் வந்த ஏழாம் தலைமுறை வோல்க்ஸ்வாகன் கோல்ஃப் வண்டியிலும், இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டியோடு இவ்வமைப்பு சேர்க்கப்பட்டது. பாய் விரித்த படகு செல்வதைக் குறிக்கும் சொல்லால் ஜெர்மானியர் இதை வழங்குகின்றனர். டிரைவர் காலை எடுத்ததும் கிளச்சுகள் திறந்துவிடுகின்றன. யந்திரம் மெதுவாய்ச் சுழல, வண்டி உருள்கிறது. பிரேக்கைத் தொட்டாலோ, ஆக்ஸிலேட்டரை மிதித்தாலோ, சரிவு அதிகமாகி வேகம் ஏறினாலோ, யந்திரத்தின் சுழற்சியைச் சக்கரத்தின் வேகத்துக்கு ஈடாக உயர்த்திக் கிளச்சை மறுபடி பிணைத்துவிடுகிறது. போர்ஷேயில் காலை மெதுவாய் எடுத்தால் உருளும். சட்டென்று எடுத்தால், வேகத்தைக் குறைப்பதே டிரைவரின் விருப்பம் என்று கொண்டு கியரிலேயே இருக்கும். பின்னர் வந்த சில வண்டிகளோ, சாலைப் படத்தையும் ராடாரையும் துணைகொண்டு, எதிரே வளைவு வருகிறதா, முன்வண்டி நெருங்குகிறதா என்று பார்த்தே முடிவு செய்கின்றன.

2017-ல் வோல்க்ஸ்வாகன் கம்பெனியார் மேலும் ஒரு படி சென்றனர். கோல்ஃப் வண்டியின் ஒரு வகையில், மணிக்கு 130 கி.மீ. வேகம் வரையில், உருளும்பொழுது யந்திரமே அணைந்துவிடுகிறது. கைச்செலவும் இல்லை, மூலதனமும் கரைவதில்லை. 100 கி.மீ. தூரத்துக்கு 0.4 லிட்டர் வரை மிச்சமாகும் என்று அக்கம்பெனியார் கூறினர். யந்திரம் உறங்கும்பொழுதும் ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் விளக்குக்கும் சக்தி வேண்டுமல்லவா? அதற்கென்றே லித்தியம் பாட்டரி ஒன்று தனியே வைக்கப்பட்டது. 2019-ல் வந்த அடுத்த தலைமுறையில், 48 வோல்ட் மின் அமைப்பு யந்திரத்தை அதிர்வின்றி எழுப்பும் வேலையை ஏற்றது.

இதில் சட்டம் சார்ந்த வேடிக்கை ஒன்றும் உண்டு. ஐரோப்பாவில் அந்நாளில் வண்டிகளைப் பரீக்ஷித்த முறையில், எந்த விநாடியில் எவ்வளவு வேகம் என்பது முன்கூட்டியே விதிக்கப்பட்டிருந்தது. வேகம் குறையும் விதமும் விதிக்கப்பட்டிருந்தபடியால், தன் போக்கில் உருள வண்டிக்கு இடமில்லை. சாலையில் கிடைத்த மிச்சம் பரீக்ஷையில் தோன்றவில்லை. ஆகவே கம்பெனிகள் தனியே மனுச் செய்துகொண்டன. ஐரோப்பியக் கமிஷன் 2015-ல் போர்ஷேயின் அமைப்பையும், 2017-ல் பி.எம்.டபிள்யூ.வின் அமைப்பையும் புகையைக் குறைக்கும் புதுமைகளென அங்கீகரித்தது.

இனி நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருவோம். “யந்திரமே நியூட்ரலில் விடுகிறதே, நான் விட்டால் என்ன?” என்று கேட்பவர் உண்டு. யந்திரம் செய்வது வேறு, அவர் செய்வது வேறு. யந்திரம் செங்குத்தான சரிவில் பிடியை விடுவதில்லை. விட்டதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்பப் பிடிக்கிறது. 36 கொண்டையூசி வளைவுகள் கொண்ட உதகை-கல்லட்டிப் பாதை போன்ற மலைச்சாலையில் நியூட்ரலில் இறங்கும் டிரைவரோ, பிரேக்கை ஓயாது மிதித்துச் சூடேற்றுகிறார். சூடு மிஞ்சினால் பிரேக் பிடிப்பதில்லை. அந்நேரத்தில் கியரும் எளிதில் விழுவதில்லை. சாவியையே திருப்பி யந்திரத்தை அணைப்பவர், பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் உள்ள உதவியையும் இழக்கிறார். இங்கிலாந்தின் சாலை விதி நூல், தன் 122-ம் விதியில் இவ்வகை ஓட்டத்தைத் தனியே எடுத்துக் கண்டித்திருக்கிறது. இத்தனை அபாயத்துக்கும் ஈடாகக் கிடைக்கும் பெட்ரோல் மிச்சமாவது உண்டா? இல்லை. அச்சரிவில் தாழ்ந்த கியரில் இறங்குபவருக்குப் பெட்ரோல் செலவு பூஜ்யம். நியூட்ரலில் இறங்குபவருக்கே செலவு!

நம் தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து வாங்குகிறது. துளியைச் சேமிப்பவரும் தேசத்துக்கு உதவுபவரே. ஆனால் சிக்கனமென்பது எதையும் கைவிடுவதன்று. எப்பொழுது விடுவது, எப்பொழுது பிடிப்பது என்று அறிவதே சிக்கனம். தூரத்தை நோக்கி, முன்னதாகவே காலை எடுத்து, கியரிலேயே வண்டியை மெதுவாக்குவது விலையுயர்ந்த வண்டி இல்லாதவருக்கும் கைவரக்கூடியது. தானியங்கி வண்டி உடையவரோ, கியர்க் கைப்பிடியைத் தொடாமல் வண்டியின் தீர்ப்புக்கே விட்டுவிடுவாராக. மலையிறங்குகையில் மாத்திரம், தீர்ப்பைத் தாமே எழுதித் தாழ்ந்த கியரில் இறங்குவாராக.