போக்கர் ஆடுவோரையும் கேளுங்கள்

இணையத்தில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை முற்றாகத் தடை செய்யும் மசோதா, 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை, அதற்கு மறுநாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். அந்த மூன்று நாள்களில் நான் படித்த செய்திகளிலும் பார்த்த விவாதங்களிலும் அரசுத் தரப்பு இருந்தது, நிறுவனங்களின் தரப்பு இருந்தது, பணத்தையும் உயிரையும் பறிகொடுத்த குடும்பங்களின் துயரம் இருந்தது. ஆடுபவர் மட்டும் இல்லை. அவர் வாய் திறக்க முற்பட்ட இடங்களிலும் 'சூதாடிக்கு என்ன நியாயம் வேண்டிக்கிடக்கிறது' என்ற ஏளனமே பதிலாக வந்தது. இணையத்தில் சில ஆண்டுகள் போக்கர் ஆடியவன் என்ற முறையில் அந்த ஏளனத்துக்கு மறுமொழி கூற விரும்புகிறேன். சட்டம் தவறு என்று வாதிடுவது என் முதன்மை நோக்கமன்று. எதைத் தடை செய்திருக்கிறோம் என்பதையாவது சரியாக அறிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

சூதாட்ட விடுதியில் சுழல் சக்கரத்தின்மீது பணம் கட்டுபவர் விடுதியை எதிர்த்து ஆடுகிறார். அங்கே கணக்கு விடுதிக்குச் சாதகமாகவே அமைக்கப்பட்டிருக்கும். எத்தனை கெட்டிக்காரராயினும் நெடுங்காலத்தில் அவர் தோற்றே தீர வேண்டும். அடுத்து எந்த நிறம் வரும் என்று ஊகிக்கச் சொல்லும் செயலிகளும் இதே வகை. போக்கரில் ஆடுபவர்கள் தமக்குள் மோதுகிறார்கள். நடுவில் சேரும் தொகையில் ஒரு சிறு பங்கைத் தளம் கழித்துக்கொள்ளும். 'ரேக்' எனப்படும் அந்தப் பங்குதான் தளத்தின் வருமானம்; வென்றவர் யார் என்பது அதற்குப் பொருட்டன்று. இந்த இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் ஒரே படத்துடன் வெளியிடும்போது வாசகருக்குத் தகவல் எதுவும் போய்ச் சேர்வதில்லை.

அதிர்ஷ்டத்துக்குப் போக்கரில் இடமில்லை என்று எவரும் சொன்னால் நம்ப வேண்டாம். 52 சீட்டுகளிலிருந்து கைக்கு இரண்டு சீட்டு வரும் வழிகள் 1,326. இரண்டும் ஏஸாக அமைவது 221 முறைக்கு ஒருமுறை. அப்படி அமைந்து, எதிராளியிடம் இரண்டு ராஜாக்கள் இருந்து, இருவரும் தம்மிடம் உள்ளதையெல்லாம் பந்தயமாக வைத்தால்கூட, ஏஸ் வைத்திருப்பவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருமுறை தோற்பார். அன்றைய ஒரு கணத்தைப் பார்ப்பவருக்கு அது சூது. பல்லாயிரம் ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் படம் மாறிவிடும். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 'லிப்ரேடஸ்' என்ற கணினி நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் 1,20,000 ஆட்டங்கள் ஆடி அவர்களைத் தெளிவாக வென்றது. சுழல் சக்கரத்தில் அப்படி வெல்லும் நிரலை எவராலும் எழுத முடியாது.

நம் நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியை நெடுங்காலமாகவே ஆராய்ந்து வருகின்றன. ரம்மி பெரும்பாலும் திறனைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் கூறியது. சென்னையிலிருந்து போன வழக்கில் 1996-இல் குதிரைப் பந்தயத்துக்கும் அதையே கூறியது. போக்கர் பற்றி ஒருமித்த கருத்து உருவாகவில்லை. மேற்கு வங்கத்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் சூதாட்டம் என்பதன் வரையறையிலிருந்தே போக்கரை விலக்கியது. குஜராத் உயர் நீதிமன்றமோ 2017-இல் அதை அதிர்ஷ்ட விளையாட்டு என்றது. தமிழ்நாட்டின் முதல் தடைச் சட்டம் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த இரண்டாவது சட்டத்தை 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் ஏற்றது; ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று பட்டியலிட்ட பகுதியை நீக்கியது. 'தடை செல்லும்' என்றும் 'தடை செல்லாது' என்றும் இரு விதமாகத் தலைப்பிட இடம் தந்த தீர்ப்பு அது. உள்ளே படித்தவர்களுக்கே விஷயம் விளங்கியிருக்கும்.

2025-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இந்த விவாதத்தையே கடந்து சென்றுவிட்டது. திறனோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய விளையாட்டாக இருந்தால் தடை. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். பந்தயமும் சூதாட்டமும் அரசமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்க, மத்திய அரசு இதைச் செய்யலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் சென்றுள்ளது.

ஆட்டக்காரர்கள் தரப்பிலும் ஒரு வசதியான மௌனம் உண்டு. 'இது திறன் விளையாட்டு' என்று உரக்கச் சொல்லும் நாங்கள், அதன் மறுபாதியைச் சொல்வதில்லை. திறன் வெல்லும் என்றால், திறன் குறைந்தவர் நிச்சயமாகத் தோற்பார் என்றே பொருள். சுழல் சக்கரம்கூடப் புதியவருக்கு எப்போதாவது கருணை காட்டும். தேர்ந்த ஆட்டக்காரர் காட்டமாட்டார். ஒருவர் வெல்லும் ரூபாய் இன்னொருவர் இழந்த ரூபாய்தான். அதிலிருந்து தளத்தின் பங்கும் போய்விடுவதால் ஆடுவோரில் பெரும்பாலோர் இழப்பவர்களே. பிரபல முகங்களைக் கொண்டு வந்த விளம்பரங்கள் இதைச் சொன்னதில்லை. நள்ளிரவில் மாதச் சம்பளத்தை இழந்து, அதை மீட்கக் கடன் வாங்கி ஆடியவர்களின் கதைகள் புனைவல்ல. அவற்றை எழுதிய செய்தியாளர்கள்மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை.

மனத்தாங்கல் வேறிடத்தில். இந்த விளையாட்டுகளால் 45 கோடிப் பேர் பாதிக்கப்பட்டு, 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழந்ததாக அரசு சொன்ன மதிப்பீட்டை ஊடகங்கள் அப்படியே அச்சிட்டன. வகுத்துப் பாருங்கள்: ஒருவருக்குச் சுமார் 444 ரூபாய். குடும்பம் அழியும் தொகையா அது? அல்ல. ஆனால் அழிந்த குடும்பங்கள் உண்டு. அப்படியானால் இழப்பு ஒரு சிறு கூட்டத்தின் தலையில்தான் மலைபோல் விழுந்திருக்க வேண்டும். அவர்கள் யார், எந்த விளையாட்டில், எந்த நேரத்தில் இழந்தார்கள்? சட்டத்துக்கு உயிர்நாடியான இக்கேள்விகளைக் கேட்டிருந்தால், ஆடுபவரை நகையாட நேரமே இருந்திருக்காது.

தமிழ்நாடு அந்தத் திசையில் ஓரடி எடுத்து வைத்திருந்தது. நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 மணி வரை ஆடக்கூடாது, ஆதார் வழிச் சரிபார்ப்பு வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்கு இடமில்லை என்று 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அவற்றை உறுதி செய்தது. அதன்பின் மூன்று மாதம் நிறைவதற்குள் மத்தியச் சட்டம் வந்துவிட்டது. விதிகளால் கடனும் சாவும் குறைந்தனவா என்று அளந்து பார்க்க அவகாசம் கிடைக்கவில்லை.

மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகவே கருதுகிறது. நல்லதுதான். உள்நாட்டுத் தளங்கள் சில நாள்களிலேயே பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. விட முடிந்தவர்கள் விட்டுவிட்டார்கள். விட முடியாதவருக்கு, அதாவது யாருக்காகச் சட்டம் இயற்றப்பட்டதோ அவருக்கு, வெளிநாட்டுத் தளம் ஒன்றின் முகவரி கைப்பேசிக் குழுக்களில் வந்து சேரும். அங்கே நேரக் கட்டுப்பாடு கிடையாது, வயதுச் சான்று கேட்பதில்லை. கட்டிய பணம் திரும்பாவிட்டால் புகார் செய்ய அலுவலகமும் இல்லை. அப்படிப் போனவர்களில் ஒருவரையாவது தேடிப் பிடித்து, என்ன நடந்தது என்று செய்தியாளர் எவரேனும் கேட்டு எழுதினால் முதல் ஆளாக நான் படிப்பேன்.