வட்டிலப்பமும் கித்துள் கருப்பட்டியும்

வட்டிலப்பம் இலங்கை முஸ்லிம்களின் நோன்புப் பெருநாள் இனிப்பு. ரமழான் மாதம் முழுக்க நோன்பு திறக்கக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் என்றால், பிறை கண்டு பெருநாள் விடிந்ததும் மேசைக்கு வருவது இதுதான். முட்டை, கித்துள் கருப்பட்டி, தேங்காயின் முதற்பால், ஏலம், சாதிக்காய், மேலே தூவக் கஜு. மாவு கிடையாது, பசும்பாலும் சேர்வதில்லை. ஊவா மலைப்பகுதியின் பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கங்களில் முஸ்லிம் வீடுகளிலிருந்து அயல்வீட்டாருக்கும் தோட்டத்து நண்பர்களுக்கும் அன்று ஒரு கிண்ணம் போகும்.

வாங்கிய எல்லோருக்கும் முதல் வாயிலேயே அது பிடித்துவிடுவதில்லை. பாயாசமும் கேசரியும் பழகிய நாக்குக்கு அந்தக் கரும்பழுப்பு நிறமும், கரண்டி பட்டதும் ஆடும் பதமும், முட்டை வாடையும் புதிது. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் உண்ணும் வீடுகளில் இன்னொரு தடையும் உண்டு: பெருநாள் வெள்ளியில் வந்தால் கிண்ணம் மறுநாள்வரை மூடியே இருக்கும். அதில் நட்டமில்லை. குளிரில் ஓர் இரவு இருந்த வட்டிலப்பத்தில் முட்டை வாடை அடங்கி, கருப்பட்டியும் ஏலமும் மேலெழும்.

ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மலாயர் வழியே இது இலங்கைக்கு வந்தது என்பது பரவலான கருத்து. முட்டையும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேரும் சிறிகாயா என்ற பண்டம் தென்கிழக்காசியாவில் இன்றும் உண்டு. தமிழ்நாட்டில் காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களிடமும் இதே இனிப்பு வட்டலப்பம் என்று வழங்குகிறது.

ருசியைத் தீர்மானிப்பது கருப்பட்டி. கித்துள் என்பது கூந்தற்பனை. ஊவாவின் ஈரச் சரிவுகளிலும் வளர்வது. அதன் பாளையைச் சீவி இறக்கும் பதநீரை விறகடுப்பில் காய்ச்சினால் பாணியாகும். மேலும் காய்ச்சி அச்சில் ஊற்றினால் கருப்பட்டி. நல்ல கருப்பட்டியில் இனிப்போடு புகைமணமும் லேசான கைப்பும் இருக்கும். அந்தக் கைப்புதான் முட்டையின் கனத்தைச் சமன்செய்கிறது. சந்தையில் சீனி கலந்த கருப்பட்டி தாராளமாகக் கிடைக்கிறது. அதில் செய்தால் இனிப்பு மட்டும் மிஞ்சும். வட்டிலப்பம் பிடிக்காது என்பவர்களில் பலர் உண்மையில் ருசி பார்த்தது இந்தச் சீனிக் கருப்பட்டியைத்தான்.

அடுத்தது சூடு. 250 கிராம் கருப்பட்டிக்கு 5 அல்லது 6 முட்டையும் ஒரு கோப்பை முதற்பாலும் ஒரு நடுத்தரக் கணக்கு. கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்து, நன்றாக ஆறவிட வேண்டும்; சூட்டோடு ஊற்றினால் முட்டை அங்கேயே திரிந்துவிடும். முட்டையை நுரைக்க அடிக்காமல் கலக்கி, எல்லாவற்றையும் சேர்த்து வடித்து, ஆவிநீர் சொட்டாதபடி கிண்ணத்தின் வாயை மூடி, மெல்லிய தீயில் முக்கால் மணிநேரம் அளவில் அவிக்க வேண்டும். தீ மிஞ்சினால் முட்டைப் புரதம் இறுகிச் சுருங்கும். உள்ளே துளைகள் விழுந்து, அடியில் பாகு கசியும். அந்தத் துளைகளையே விரும்பித் தேடுவோரும் உண்டு. ஆனால் புதிதாகச் சாப்பிடுபவருக்கு வழுவழுப்பானதே இணக்கம்.

இதில் மலை கொஞ்சம் உதவுகிறது. உயரம் 300 மீற்றர் கூடினால் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் குறையும். 1,400 மீற்றருக்கு மேலே இருக்கும் அப்புத்தளையில் நீர் 95 பாகை அளவிலேயே கொதிக்கிறது. ஆவியும் அந்த அளவுக்குச் சூடு குறைந்தது. கொழும்பு வீட்டுக் குறிப்பை அப்படியே பின்பற்றினால் நடுப்பகுதி இறுகாமல் நிற்கலாம். சில நிமிடங்கள் கூடுதலாக வைத்தால் பதம் மிருதுவாக வரும். ஈர்க்குக் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும்.

பழகாதவருக்குச் சூடாகவோ பெரிய துண்டாகவோ கொடுக்கக் கூடாது. நன்றாகக் குளிரவைத்து, இரண்டு கரண்டி அளவு, சீனி போடாத ஊவாத் தேயிலைப் பிளேன்டீயோடு கொடுப்பதே சரி. தேநீரின் துவர்ப்பு வாயில் தங்கும் தேங்காய்ப்பால் கொழுப்பைக் கழுவிவிடுவதால் அடுத்த கரண்டிக்கு நாக்கு தயாராகும். மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.