குடிக்காதவன் சேர்க்கும் கார்க் ஸ்க்ரூ

எனக்கு மது அருந்தும் பழக்கம் இல்லை. ஆனால் என் வீட்டு அலமாரியில் இரண்டு தட்டு நிறைய, ஒயின் பாட்டிலின் தக்கையைப் பிடுங்கும் பழைய கார்க் ஸ்க்ரூக்கள் இருக்கின்றன. “ஏனுங்க, பாட்டிலே இல்லாத வூட்டுல இத்தன திருகு எதுக்குங்க?” என்று என் மனைவி கேட்காத வாரமில்லை.

கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறையில் தொழில் கற்று, பர்மிங்காமில் டூல்ரூம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் கண்ணுக்கு இவை உள்ளங்கையில் அடங்கும் மிஷின்கள். இறுகிப்போன தக்கையை உடையாமல் வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கு முந்நூறு ஆண்டுகளாக ஆளுக்கொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த வழிகளைத்தான் நான் சேர்க்கிறேன்.

தக்கை இறுகும் இந்தத் தொல்லை இங்கிலாந்தில் தொடங்கிய விதமே தனிக் கதை. கப்பல் கட்ட மரம் போதவில்லை என்று, கண்ணாடி உலைகளில் விறகு எரிக்க 1615-ல் அரசர் தடை போட்டார். உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். சூடு கூடியது, தடித்த, கறுத்த, உறுதியான பாட்டில்கள் வந்தன. முதலில் தக்கையைப் பாதிதான் செருகுவார்கள்; கையாலேயே பிடுங்கிவிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒயினைப் படுக்கவைத்துப் பல வருடம் முதிரவிடும் வழக்கம் பரவியதும், தக்கையை வாயோடு வாயாக உள்ளே அடித்து இறக்கினார்கள். பிடிக்க ஒரு நுனிகூட வெளியே இல்லை.

துப்பாக்கிக் குழலில் சிக்கிய அடைப்பைக் கிளறி எடுக்கச் சிப்பாய்கள் இரும்புத் திருகு ஒன்றை வைத்திருந்தார்கள். கார்க் ஸ்க்ரூவுக்கு அதுவே மூதாதை என்பது சேகரிப்பாளர்களின் பொதுக் கருத்து. 1681-ல் நெஹமையா குரூ என்ற அறிஞர், பாட்டில் தக்கை எடுக்கும் எஃகுத் திருகு பற்றி எழுதியிருக்கிறார்.

ஒரு சின்ன வட்டத் தகடு

கார்க் ஸ்க்ரூவுக்கு முதல் காப்புரிமை வாங்கியவர் ஒரு பாதிரியார். சாமுவேல் ஹென்ஷால், 1795. அவர் செய்தது மிகச் சின்ன மாற்றம்: புரி முடிந்து தண்டு தொடங்கும் இடத்தில் ஒரு வட்டத் தகடு வைத்தார். வெறும் திருகு என்றால் அது பாட்டுக்குத் தக்கையைத் துளைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டே இருக்கும்; தக்கையோ கண்ணாடியை விட்டு அசையாது. தகடு தக்கையின் தலையில் போய் முட்டியதும் திருகு மேலும் இறங்க முடியாது. அதற்கு மேல் சுற்றினால் தக்கையும் சேர்ந்து சுழலும், கண்ணாடியோடு இருந்த பிடி விட்டுப்போகும். இழுப்பது அதன்பின் பாதி வேலைதான்.

இதைத் தயாரித்தவர், ஜேம்ஸ் வாட்டோடு சேர்ந்து நீராவி எஞ்சின் செய்த எங்கள் ஊர் மேத்யூ போல்டன். பர்மிங்காமில் அவர் வாழ்ந்த சோஹோ ஹவுஸ் இப்போது அருங்காட்சியகம். நீராவி எஞ்சினுக்கும் கார்க் ஸ்க்ரூவுக்கும் ஒரே முதலாளி என்பதில் இந்த ஊர்த் தொழிலாளியாக எனக்கு ஒரு பெருமை உண்டு.

ஏழே வருடத்தில், 1802-ல், இதே ஊரின் எட்வர்ட் தாமசன் இன்னொரு காப்புரிமை எடுத்தார். என்னிடம் அந்த வகையில் ஒன்று இருக்கிறது: பித்தளை உருளை, எலும்புக் கைப்பிடி. வலப்பக்கம் சுழற்றினால் புரி தக்கைக்குள் இறங்கும். முழுக்க இறங்கிய பிறகும் நிறுத்தாமல் அதே பக்கம் சுழற்றினால், உள்ளே இருக்கும் இடதுமரை வேலையை வாங்கிக்கொண்டு தக்கையை மேலே தூக்கும். திருப்பிச் சுழற்றினால் தக்கை கழன்று விழுந்துவிடும். வலதுமரையையும் இடதுமரையையும் ஒன்றுக்குள் ஒன்றாக, கம்ப்யூட்டர் லேத் இல்லாத காலத்தில் வெட்டியிருக்கிறார்கள். தொழில் தெரிந்தவன் இதைக் கையில் எடுத்தால் சீக்கிரம் கீழே வைக்க மாட்டான்.

பிறகு நெம்புகோல் காலம். 1882-ல் ஜெர்மனியின் கார்ல் வீன்கே, பாட்டில் விளிம்பில் ஊன்றி நெம்பும் மடக்கு வகைக்குக் காப்புரிமை பெற்றார். ஓட்டல் சர்வர்கள் இன்றும் சட்டைப்பையில் வைத்திருப்பது அதன் வாரிசைத்தான். கருவியின் இரு பக்கக் கைகளையும் கீழே அமுக்கினால் தக்கை மேலே வரும் வகையைப் பர்மிங்காமின் ஹீலி கம்பெனி 1888-ல் கொண்டுவந்தது.

சந்தையில் எதைப் பார்ப்பது?

முதலில் புரியின் நுனி. நுனி முறிந்திருந்தால் விலை பாதியாகக்கூடச் சரியும். அடுத்து, புரியின் நடுவில் ஒரு தீக்குச்சியை விட்டுப் பாருங்கள். நுழைந்தால் அது கம்பியைச் சுருட்டியது. தக்கையை நன்றாகக் கவ்வும். நடுவில் தண்டு இருந்தால் நுழையாது. அந்த வகை பழைய தக்கையைக் குடைந்து தூளாக்கிவிடும்.

கைப்பிடியின் ஓரத்தில் ஒரு துளை இருந்தால் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டில் வாயில் படிந்த தூசியையும் அரக்குத் தூளையும் தட்ட அங்கே ஒரு குட்டி பிரஷ் இருந்திருக்கும். ரோமம் கொட்டிப்போய், துளை மட்டும் மிஞ்சும்.

கைப்பிடி எலும்பா, தந்தமா என்பதை லென்ஸ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். எலும்பில் கரும்புள்ளிகளும் சிறு கீற்றுகளும் தெரியும். தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி ஓடும். பிரிட்டனில் 2018-ல் இயற்றப்பட்டு 2022-ல் அமலுக்கு வந்த சட்டப்படி, சில விலக்குகள் தவிர, தந்தப் பொருளை எவ்வளவு பழசானாலும் விற்க முடியாது.

வயது சொல்லும் முத்திரைகளும் உண்டு. வெள்ளியில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காம் தரச்சோதனை அலுவலகத்தின் முத்திரை. அந்த அலுவலகம் 1773-ல் தொடங்கியது. வைர வடிவக் கட்டம் இருந்தால் அந்த வடிவமைப்பு 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவானது.

கோப்பைகள்

பழைய ஒயின் கண்ணாடிக் கோப்பை சேர்ப்பவர்கள் வேறு ஜாதி ஆட்கள். அவர்கள் கோப்பையைக் கையில் வாங்கியதும் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள். 1674-ல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் புதுவகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ஈயம் கலந்ததும் கனமும் மினுக்கமும் கூடின. அந்தக் கோப்பையைச் சுண்டினால் நாதம் நீண்டு நிற்கும். 1745-ல் கண்ணாடிக்கு எடைக் கணக்கில் வரி போட்டார்கள். நூறு வருடம் நீடித்தது. கைவினைஞர்கள் எடையைக் குறைத்துக்கொண்டு, தண்டுக்குள் காற்று இழையும் வெள்ளை இழையும் முறுக்கி அழகைக் கூட்டினார்கள்.

அந்தக் காலக் கோப்பைக்கு அடிப்பாதம் பெரும்பாலும் வாயைவிட அகலமாக இருக்கும். நடுவில், ஊதியவர் இரும்புக் கம்பியை ஒடித்தெடுத்த வடு சொரசொரக்கும். நிஜமான தேய்மானக் கீறல் நாலாபக்கமும் ஓடும். எமரித் தாளில் தேய்த்த போலிக் கீறல் ஒரே திசையில் ஓடும்.

ஒயின் குடுவையின் கழுத்தில் சங்கிலியில் தொங்கும் வெள்ளிப் பெயர்ச்சீட்டுகளைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களுக்காகப் புலி நகத்தை வெள்ளியில் பதித்தும் செய்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டம் பாயும்.

ஒரே இடத்தில் நிறையப் பார்க்க ஆசைப்பட்டால் பிரான்சில் மெனெர்ப் ஊர் மியூசியம் இருக்கிறது. ஆயிரத்துக்கு மேல் கார்க் ஸ்க்ரூக்கள். ஸ்பெயினில் பிரியோனஸ் ஊரின் விவாங்கோ மியூசியம் அதைவிடப் பெரிது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தாமசனைத் தேடி ஓட வேண்டாம். அதில் போலிகளும் புழங்குகின்றன. மரக் கைப்பிடியும் ஹென்ஷால் தகடும் உள்ள சாதாரண எஃகுத் திருகு ஒன்றை வாங்குங்கள். பளபளவென்று பாலிஷ் போடாதீர்கள். முத்திரை அழிந்தால் வயதும் அழிந்தது. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது, முந்தையதில் இருந்த எந்தக் குறையை இது தீர்க்கிறது என்று கேளுங்கள். அதற்கு விடை கிடைத்த பிறகே விலையைக் கேளுங்கள். கையில் சுழலாத திருகு எத்தனை வருடப் பழசானாலும் என் கணக்கில் அது வெறும் காயலான் கடைச் சரக்குதான்.