உங்களுக்குத் தெரியுமா? வரியே கட்டாதவருக்கும் ரீஃபண்டு உண்டு!

★ வருமான வரியில் தள்ளுபடி என்றால் கட்ட வேண்டிய தொகை குறையும், மிஞ்சிப்போனால் பூஜ்யமாகும். அமெரிக்காவின் ‘ஏர்ன்டு இன்கம் டாக்ஸ் கிரெடிட்’ பூஜ்யத்தோடு நிற்காது. ஒருவர் கட்ட வேண்டிய வரி 300 டாலர், அவருக்கு உரிய கிரெடிட் 4,000 டாலர் என்று வையுங்கள். வரி போக மீதி 3,700 டாலரை அரசு அவர் கையில் கொடுத்துவிடும். 2024ஆம் ஆண்டு வருமானத்துக்கு, மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ள குடும்பம் அதிகபட்சம் 7,830 டாலர் வரை பெற முடிந்தது. ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர், முதியோர் இல்லத்தில் பணிவிடை செய்கிறவர், கிடங்கில் பெட்டி சுமக்கிறவர் போன்றோருக்காக வந்த திட்டம் இது. ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடி குடும்பங்களும் தனிநபர்களும் இதனால் பயன்பெறுகிறார்கள்.

★ கணக்கு இப்படி: இரண்டு பிள்ளைகள் உள்ள தாய் முதலில் சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் அரசு 40 சென்ட் சேர்க்கிறது. ஓரளவுக்கு மேல் அது ஏறாமல் நிற்கும். பிறகு வருமானம் கூடக்கூட, டாலருக்கு 21 சென்ட் வீதம் இறங்கும். சம்பாத்தியமே இல்லாதவருக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. திட்டம் நியாயமா என்ற வாக்குவாதத்தில் பாதி இந்தக் கடைசி விதியைப் பற்றியதுதான்.

★ இந்த விதி வந்த கதை: 1969இல் அதிபர் நிக்சன், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு ஏழைக் குடும்பத்துக்கும் குறைந்தபட்ச வருமானம் தர ஒரு திட்டம் கொண்டுவந்தார். பிரதிநிதிகள் சபை ஏற்றது. செனட்டில் அது மடிந்தது. அங்கே நிதிக் குழுவின் தலைவராக இருந்த லூசியானாக்காரர் ரஸ்ஸல் லாங், உழைக்கிறவருக்கு மட்டும் போனஸ் கொடுக்கலாம் என்றார். 1975இல் தற்காலிக ஏற்பாடாக அது சட்டமானது. முதல் 4,000 டாலர் வருமானத்தில் பத்து சதவீதம், அதாவது அதிகபட்சம் 400 டாலர். 1978இல் நிரந்தரமாக்கப்பட்டது. ரீகன், கிளிண்டன் எனக் கட்சி மாறினாலும் ஒவ்வொருவர் காலத்திலும் வளர்ந்தது.

★ கூலி போதாதவருக்குப் பொதுப்பணத்தில் ஈடு கொடுப்பது புதிய யோசனை அல்ல. 1795இல் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் மாஜிஸ்திரேட்டுகள் ஸ்பீன்ஹாம்லண்டில் ஒரு விடுதியில் கூடினார்கள். ரொட்டி விலை ஏறினால், விவசாயக் கூலியின் குடும்ப அளவைப் பார்த்து ஊர்ப் பணத்திலிருந்து கூடுதலாகக் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். நிலக்காரர்கள் இதைச் சாக்காக வைத்துக் கூலியைக் குறைத்தார்கள், ஏழைகள் சோம்பேறியானார்கள் என்று 1834இல் ஒரு விசாரணைக் குழு சொல்ல, உதவியைக் கடுமையாகச் சுருக்கும் சட்டம் வந்தது. அந்த விசாரணையே முன்முடிவோடு நடந்தது என்று 1960களில் பொருளாதார வரலாற்றாசிரியர் மார்க் பிளாக் எழுதினார்.

ஆனாலும் உதவியால் கூலி குறையுமா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அரசு கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கு, குறைந்த கூலி வழியாக முதலாளிக்குப் போய்ச் சேரும் என்பதைப் பொருளியலாளர் ஜெஸ்ஸி ராத்ஸ்டீனும் காட்டியிருக்கிறார். இதற்கு மருந்து உண்டு: கூலிக்கு அடியில் ஒரு தரை போட வேண்டும். பிரிட்டன் 1999 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியத்தைக் கொண்டுவந்து, அதே ஆண்டு அக்டோபரில் டாக்ஸ் கிரெடிட்டையும் தொடங்கியது. சரியான வரிசை. அமெரிக்காவின் தேசியக் குறைந்தபட்ச ஊதியமோ 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது.

★ இது மக்களை வேலைக்கு இழுக்கிறதா? 1990களில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்கள் பெருமளவில் வேலைக்கு வந்தார்கள். காரணம் இந்தக் கிரெடிட்தான் என்று பல ஆய்வுகள் சொன்னன. நலத்திட்டங்களை இறுக்கிய 1996 சட்டமும் அப்போதைய பொருளாதார ஏற்றமும்தான் காரணம் என்று பொருளியலாளர் ஹென்ரிக் கிளெவன் மறுத்தார். விவாதம் ஓயவில்லை. என்னைக் கேட்டால், வேலைக்கு இழுத்ததா என்பதைவிட வீட்டில் சோறு இருந்ததா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

★ அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் 2021இல் கிடைத்தது. கொரோனா நிவாரணச் சட்டம், குழந்தைகளுக்கான இன்னொரு டாக்ஸ் கிரெடிட்டை ஓராண்டுக்கு விரித்தது. ஆறு வயதுக்குக் கீழ் 3,600 டாலர், அதற்கு மேல் 17 வயது வரை 3,000 டாலர். சம்பாதித்தால்தான் என்ற நிபந்தனையும் நீங்கியது. ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் பணம் வந்தது. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அமெரிக்க வறுமை அளவீட்டில், அந்த ஆண்டு குழந்தை வறுமை 5.2 சதவீதம். அந்த அளவீட்டில் அதுவரை காணாத தாழ்ந்த எண் அது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை நீட்டிக்கவில்லை. 2022இல் 12.4 சதவீதம். ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கும் மேல்! குழந்தை வறுமை தலைவிதி அல்ல, வாக்கெடுப்பில் தீர்மானிக்கப்படுவது என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

★ பிள்ளை இல்லாத தொழிலாளிக்கு 2024இல் உச்சவரம்பு 632 டாலர்தான். அதுவும் 25 முதல் 64 வயது வரை உள்ளவருக்கு மட்டும். 24 வயதில் முழுநேரம் மாடாய் உழைத்தாலும் எதுவும் வராது.

★ தகுதி இருந்தும் ஐந்தில் ஒருவர் கேட்டு வாங்குவதே இல்லை. படிவம் புரியாதது ஒரு காரணம். தனக்கு உரிமை உண்டு என்பதே தெரியாதது இன்னொரு காரணம். இன்னொரு பக்கம், தவறாகப் போகும் தொகை பல ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. இதை அப்படியே திருட்டு என்று எழுதுகிறவர்கள் விதிகளைப் படிக்கவில்லை. பிள்ளை ஆண்டில் பாதிக்கு மேல் உங்களோடு வசித்திருக்க வேண்டும் என்பது விதி. பிரிந்து வாழும் பெற்றோர், பேரனை வளர்க்கும் பாட்டி ஆகியோரின் வீடுகளில் இதை நிரூபிப்பது எளிதா?

★ தணிக்கையில் நடப்பதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவே இல்லை. இந்தக் கிரெடிட் கேட்போரைக் கடிதம் அனுப்பியே விசாரித்துவிடலாம், செலவு குறைவு. கோடீஸ்வரரின் கணக்கைப் பிரிக்க அனுபவமுள்ள அதிகாரிகள் பலர் வேண்டும். அதனால் ஏழையைத் தணிக்கை செய்வதே இருக்கிற ஆட்களைப் பயன்படுத்தச் சிறந்த வழி என்ற பொருளில், 2019இல் வரித்துறையே காங்கிரசுக்கு எழுதியது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், கறுப்பினத்தவர் மற்றவர்களைவிட 2.9 முதல் 4.7 மடங்கு வரை அதிகமாகத் தணிக்கைக்கு உள்ளாகிறார்கள் என்று கண்டார்கள். இந்தக் கிரெடிட் கோருவோரைத் தணிக்கைக்குப் பொறுக்கும் கணினி முறை முக்கியக் காரணமாக இருந்தது. ஏற்றத்தாழ்வு உண்மைதான் என்று வரித்துறைத் தலைவரும் அதே ஆண்டு ஒப்புக்கொண்டார்.

★ கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் என்ன ஆகும்? பிரிட்டனில் 2003இல் டாக்ஸ் கிரெடிட்டுக்குப் புதிய முறை வந்தபோது, முந்தைய வருமானத்தை வைத்துப் பணம் கொடுத்துவிட்டு ஆண்டு முடிவில் சரிபார்த்தார்கள். கூலி வேலைக்காரரின் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுமே! முதல் ஆண்டிலேயே சுமார் 19 லட்சம் குடும்பங்களுக்கு 220 கோடி பவுண்டு கூடுதலாகப் போயிருந்தது. வாடகைக்கும் பாலுக்கும் செலவான பணம் கடன் நோட்டீஸாக வீட்டுக்கு வந்தது.

★ நெதர்லாந்தில் இதைவிடக் கொடுமை. வேலைக்குப் போகும் பெற்றோருக்கான குழந்தைப் பராமரிப்பு உதவியில், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வரித்துறை மோசடி முத்திரை குத்தியது. படிவத்தில் சிறு பிழை இருந்தாலும் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் குறிவைக்கப்பட்டார்கள். வீடுகள் போயின, குடும்பங்கள் சிதைந்தன. இதற்காக 2021 ஜனவரி 15 அன்று அப்போதைய பிரதமர் மார்க் ருட்டேயின் அரசு பதவி விலகியது.

★ சிங்கப்பூரில் 2007 முதல் ‘வொர்க்ஃபேர்’ என்ற பெயரில் குறைந்த ஊதியக்காரருக்குக் கூடுதல் தொகை உண்டு. சம்பளக்காரருக்கு 40 சதவீதம் ரொக்கம். மீதி அவர் சேமநிதிக் கணக்குக்குப் போகும். குடிமக்களுக்கு மட்டுமே. அங்கே கட்டடம் எழுப்பும் தமிழ்நாட்டுத் தொழிலாளருக்கு இல்லை.

★ பிரிட்டனில் டாக்ஸ் கிரெடிட் 2025 ஏப்ரல் 5 அன்று முடிவுக்கு வந்தது. அதன் இடத்தில் உள்ள ‘யுனிவர்சல் கிரெடிட்’டில், குறிப்பிட்ட அளவைத் தாண்டிச் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் உதவி குறைகிறது. இங்கிலாந்தில் பெரும் பணக்காரர் கட்டும் உச்ச வருமான வரியே பவுண்டுக்கு 45 பென்ஸ்தான்.

★ 2017 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பின்போ பிறந்த மூன்றாவது குழந்தைக்கு உதவி இல்லை என்றும் பிரிட்டன் ஒரு விதி போட்டிருந்தது. வன்புணர்வால் பிறந்த குழந்தை என்றால் விலக்கு உண்டு. ஆனால் தாய் அதைத் தனியாக விண்ணப்பித்துக் கேட்க வேண்டும். தொண்டு நிறுவனங்களும் தேவாலயங்களும் ஆண்டுக்கணக்கில் போராடின. 2026 ஏப்ரலில் இந்த வரம்பு நீங்கும் என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அறிவித்தார்.