பேர் விழாத உழைப்பு

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஒருவர் ஒரு நாளைக்குச் செய்யும் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். செக்றோலிலே பேர் விழுந்தால் சம்பளம் உண்டு, விழாவிட்டால் இல்லை. ஒரு காலத்தில் அந்தப் புத்தகத்தில் சிறுவர்களின் பேரும் இருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூவகைச் சம்பளத்துக்கு வழி வகுத்தது. பத்து வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கு அமர்த்தலாகாது எனவும் விதித்தது. பிஞ்சுக் கைகள் கொழுந்து பறித்தமை கொடுமையே. ஆயினும் அது உழைப்பு என்பதையாவது அந்தப் புத்தகம் ஒப்புக்கொண்டது.

எந்தப் புத்தகத்திலும் பேர் விழாத ஒருவகைக் குழந்தை உழைப்பு இன்று உலகெங்கும் வீடுகளுக்குள் புகுந்துள்ளது. குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையைப் படம் பிடித்து யூடியூப் போன்ற தளங்களில் வெளியிடுவதே அது. பார்ப்போரை ஈர்ப்பவை குழந்தைகளின் சிரிப்பும் அழுகையும். விளம்பரத்தால் வரும் பணமோ பெற்றோரைச் சேர்கின்றது.

அத்தகைய வீடொன்றில் வளர்ந்த ஷாரி பிராங்கி என்னும் அமெரிக்கப் பெண், 2025 ஜனவரியில் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். ‘என் தாயின் வீடு’ என்பது அதன் தலைப்பின் பொருள். யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த அவருடைய தாய் ரூபி பிராங்கி, 2015இல் ‘எட்டுப் பயணிகள்’ எனப் பொருள்படும் பெயரில் ஓர் ஒளிபரப்பைத் தொடங்கினார். தாய், தந்தை, ஆறு பிள்ளைகள் ஆகியோரே அவ்வெண்மர். ஷாரி மூத்த பிள்ளை. அவ்வொளிபரப்புக்கு இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட சந்தாதாரர்கள் இருந்தனர். வளரிளம் பெண்ணொருத்தி தனக்குள் வைத்துக்கொள்ள விரும்பும் பொழுதுகளும் அங்கே காட்சிப் பொருளாயின.

மகன் ஒருவனுடைய படுக்கையறை தண்டனையாகப் பல மாதங்கள் பறிக்கப்பட்டிருந்த செய்தி 2020இல் அவ்வொளிபரப்பிலேயே வெளியாயிற்று. பார்த்தவர் பலர் கண்டித்தனர். ஆனால், கொடுமை அதன்பின் குறையவில்லை. கமராவுக்கு அப்பால் கடுமையாயிற்று. வெளியே சென்று வாழ்ந்த ஷாரி, தம்பி தங்கையரின் நிலை குறித்து அதிகாரிகளிடம் முறையிட்டார்; பயன் விளையவில்லை. 2023 ஆகஸ்ட் 30ஆம் திகதி, பன்னிரண்டு வயதுத் தம்பி, தாயின் கூட்டாளியான ஆலோசகரின் வீட்டிலிருந்து தப்பி, அயல்வீட்டுக் கதவைத் தட்டி உணவும் நீரும் கேட்டான். உடல் மெலிந்திருந்தது, கட்டிய கயிற்றின் புண்கள் தெரிந்தன. பெண்கள் இருவரும் அன்றே கைதாயினர். 2024 பெப்ரவரியில் இருவருக்கும் நான்கு குற்றங்களுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஓராண்டு முதல் பதினைந்து ஆண்டு வரையான சிறைத்தண்டனை, ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்குமாறு விதிக்கப்பட்டது.

இலட்சக்கணக்கான கண்கள் பார்த்திருந்த வீட்டில் இது எவ்வாறு நிகழ்ந்தது? பார்ப்பது வேறு, காப்பது வேறு என்பதே ஷாரியின் கதை தரும் விடை. படம் எடுப்பவரே தாயாகவும் முதலாளியாகவும் இருக்கும்போது, குழந்தை யாரிடம் மறுப்புச் சொல்லும்? 2024 அக்டோபரில் யூட்டா சட்டமன்றக் குழுவின் முன் தோன்றிய ஷாரி, தாம் பேச வந்தது இத்தொழிலால் பாதிக்கப்பட்டவர் என்ற முறையிலேயே என எடுத்துரைத்தார்.

இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. சாப்ளினுடன் ‘கிட்’ படத்தில் நடித்த ஜாக்கி கூகன் என்னும் சிறுவன் ஈட்டிய செல்வம் பெற்றோர் கையிற் கரைந்தது. அதன் விளைவாக 1939இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருவாயைக் காக்கும் சட்டம் பிறந்தது. இணையக் குழந்தைகளுக்கு அத்தகைய காப்பு 2024 ஜூலையில் இல்லினோய் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. 2025இல் யூட்டாவும் சட்டம் இயற்றியது: வருவாயில் ஒரு பங்கு குழந்தையின் பெயரில் சேர வேண்டும், வளர்ந்தபின் தன் படங்களை நீக்குமாறு கோரவும் உரிமையுண்டு.

இலங்கையில் வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்த வயது 2021இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. பிள்ளைகளைப் பெரட்டுக்களத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மலைநாட்டுக்குப் பல தலைமுறை பிடித்தது. இன்று அட்டனிலும் நுவரெலியாவிலும் லயத்து வாசல் வரை கைத்தொலைபேசி வந்துவிட்டது. குழந்தை ஆடுவதைப் படம் பிடித்து மகிழ்வது குற்றமன்று. ஆனால், அழும் குழந்தையை அணைக்காமல் கமராவைத் தேடும்போது அங்கே வேலை தொடங்கிவிடுகின்றது. அயலில் ஒரு பிள்ளை துன்புறுவதாக ஐயம் எழுந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 என்னும் தொலைபேசி எண்ணில் அழைக்கலாம். யூட்டாவில் அந்தச் சிறுவனைக் காப்பாற்றியதும், கதவைத் திறந்து, அவன் நிலை கண்டு, தொலைபேசியைக் கையிலெடுத்த ஓர் அயலவரே.