ஒரு தொகுதி, நான்கு எம்.பி.க்கள்
மலேசியப் பாராளுமன்றத்தில் சுங்கை சிப்புட் மக்களின் குரல்

2008-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி மலேசியாவில் பொதுத்தேர்தல் நடந்தது. அன்று இரவு ஒவ்வொரு தொகுதியின் முடிவாக வந்துகொண்டிருந்தது. சுங்கை சிப்புட் என்ற தொகுதியின் முடிவைக் கேட்டபோது, பலர் தங்கள் காதுகளையே நம்பவில்லை.

அங்கே 34 ஆண்டுகள் எம்.பி.யாக இருந்தவர் சாமிவேலு. மத்திய மந்திரி. ம.இ.கா. என்று அழைக்கப்படும் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவர். அவர் தோற்றுவிட்டார்! அவரைத் தோற்கடித்தவர் ஒரு டாக்டர். வித்தியாசம் 1,821 ஓட்டுகள்.

இது எப்படி நடந்தது? இதைத் தெரிந்துகொள்ள அந்த ஊரின் கதையையும், அந்த நாட்டுப் பாராளுமன்றத்தின் கதையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நத்தை ஆறு

மலாய் மொழியில் "சுங்கை" என்றால் ஆறு. "சிப்புட்" என்றால் நத்தை. நத்தை ஆறு என்பதுதான் ஊரின் பெயர். பேரா மாநிலத்தில், ஈப்போ நகருக்கு வடக்கே இருக்கிறது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். அங்கே பால் வெட்டுவதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

1948-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி, இந்த ஊருக்கு அருகே இருந்த தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் கம்யூனிஸ்டுகள். அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் அரசாங்கம் அவசரநிலையைப் பிரகடனம் செய்தது. அந்த அவசரநிலை 12 ஆண்டுகள் நீடித்தது. 1960-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதிதான் முடிந்தது.

துப்பாக்கிச் சத்தம் ஓயாத அந்தக் காலத்தில்தான் மலாயா மக்களுக்கு முதன்முதலாக ஓட்டு கிடைத்தது.

முதல் ஓட்டு

1955-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி, மத்திய சட்டசபைக்கு 52 பேரைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் நடந்தது. துங்கு அப்துல் ரகுமான் தலைமையில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவரின் கட்சிகளும் கூட்டணி அமைத்துப் போட்டியிட்டன. 52 இடங்களில் 51 இடங்கள் அந்தக் கூட்டணிக்கே கிடைத்தன. எதிர்க்கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம்!

அப்போது இந்தியர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. குடியுரிமை இல்லாதவருக்கு ஓட்டு ஏது? வாக்காளர்களில் 100-க்கு 84 பேர் மலாய்க்காரர்களாக இருந்தார்கள். அப்படியிருந்தும் கிந்தா உத்தாரா தொகுதியில் ஒரு தமிழர் வென்றார். அவர் பெயர் வீ.தி. சம்பந்தன்.

1957-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி மலாயா சுதந்திரம் அடைந்தது. குடியுரிமைச் சட்டம் தளர்ந்தது. 1959-ல் முதல் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. மொத்தம் 104 தொகுதிகள். சுங்கை சிப்புட் தொகுதியின் முதல் எம்.பி.யானார் சம்பந்தன்.

பத்தும் நூறுமாகச் சேர்ந்த பணம்

சம்பந்தன் அந்த ஊரிலேயே பிறந்தவர். தந்தை வீராசாமி, ரப்பர்த் தோட்ட முதலாளி. மகனைச் சிதம்பரத்துக்கு அனுப்பி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வைத்தார். படித்துவிட்டுத் திரும்பிய சம்பந்தன் அரசியலில் இறங்கினார். 1955-ல் ம.இ.கா. தலைவரானார். அதே ஆண்டில் தொழிலாளர் மந்திரியும் ஆனார்.

சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டத் தொழிலாளர்களுக்குப் பெரிய ஆபத்து வந்தது. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். இதற்குத் "தோட்டத் துண்டாடல்" என்று பெயர். தோட்டம் துண்டானால் வேலை போகும். வேலை போனால் லயன் வீடும் போகும். தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் ஒரே நாளில் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"தோட்டத்தைத் தொழிலாளிகளே வாங்கினால் என்ன?" இதுதான் சம்பந்தனின் யோசனை.

1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். தொழிலாளிகள் கூலியிலிருந்து சிறு சிறு தொகையாகச் செலுத்திப் பங்குதாரர்கள் ஆனார்கள். அந்தப் பணத்தில் கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் என்ற தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றத் தோட்டங்கள். எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

சம்பந்தன் 1979-ல் காலமானார். கோலாலம்பூரில் தமிழர்கள் மிகுந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் முக்கியச் சாலைக்கு அவர் பெயர்தான்.

222 நாற்காலிகள்

மலேசியப் பாராளுமன்றத்தில் இரண்டு சபைகள். மேல்சபையில் 70 பேர். அவர்களில் 26 பேரை மாநிலச் சட்டசபைகள் தேர்ந்தெடுக்கின்றன. 44 பேர் நியமன உறுப்பினர்கள். மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது மக்களவையை. மலாய் மொழியில் அதன் பெயர் "டேவான் ராக்யாட்". 104 ஆகத் தொடங்கிய தொகுதிகள் இப்போது 222.

தொகுதிக்கு ஒருவர். யாருக்கு அதிக ஓட்டோ அவரே எம்.பி. பதவிக்காலம் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். 112 பேரின் ஆதரவு யாருக்கு இருக்கிறதோ, அவரை மாமன்னர் பிரதமராக நியமிக்கிறார். அரசியல் சட்டத்தின் பெரும்பகுதியைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 ஓட்டு வேண்டும்.

சட்டம் செய்வது, வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவது, மந்திரிகளைக் கேள்வி கேட்பது - இவை சபைக்குள்ளே எம்.பி.க்கு உள்ள வேலைகள். சபைக்கு வெளியே அதைவிட அதிக வேலை! மலேசியாவில் நகரசபைத் தேர்தல்கள் 1965-ல் நிறுத்தப்பட்டன. அதன் பிறகு நடக்கவே இல்லை. ஆகையால் சாக்கடை அடைத்தாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும் மக்கள் தேடிப் போவது எம்.பி.யையும் மாநிலச் சட்டசபை உறுப்பினரையும்தான். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டும் அங்கேதான் வருகிறார்கள்.

பூட்டிய சபை

இந்தப் பாராளுமன்றத்துக்கு ஒரு கறுப்புக் காலமும் உண்டு. 1969-ம் ஆண்டு மே 10-ந் தேதி தேர்தல் நடந்தது. ஆளும் கூட்டணி பல இடங்களை இழந்தது. மே 13-ந் தேதி கோலாலம்பூரில் இனக் கலவரம் மூண்டது. பல உயிர்கள் பலியாயின. மே 15-ல் அவசரநிலை வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்கள் சபைக்குள் நுழைய முடியவில்லை. 1971-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதிதான் பாராளுமன்றம் கூடியது.

சபை கூடாத அந்தக் காலத்தில் சில அவசரச் சட்டங்கள் பிறந்தன. அவற்றில் ஒன்று, விசாரணை இல்லாமலே ஆட்களைக் காவலில் வைக்க வழி செய்தது. அந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 42 ஆண்டுகள் கழித்து, அது சுங்கை சிப்புட்டின் எம்.பி.யைத் தேடி வந்தது!

34 ஆண்டுகள்

1974-ல் சுங்கை சிப்புட்டில் நின்று வென்றவர் சாமிவேலு. சம்பந்தன் தோட்ட முதலாளியின் மகன். சாமிவேலுவோ தோட்டத் தொழிலாளியின் மகன். வறுமையில் வளர்ந்து, படித்துக் கட்டடக் கலைஞர் ஆனவர். வானொலியில் தமிழ்ச் செய்தியும் வாசித்திருக்கிறார்.

1979-ல் ம.இ.கா. தலைவரானார். பொதுப்பணி மந்திரியும் ஆனார். பினாங்குப் பாலம் அவர் மந்திரியாக இருந்தபோது, 1985-ல் திறக்கப்பட்டது. கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் உருவாகவும் அவரே முன்நின்றார். தேர்தல்தோறும் வென்றார். மந்திரிசபையில் இந்தியர்களின் குரல் என்றால் அது சாமிவேலுவின் குரல்தான்.

ஆனால் தோட்டங்களில் காலம் மாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்ட நிலங்கள் வீட்டுமனைகள் ஆயின. மக்கள் நகரத்து ஓரங்களுக்குப் போனார்கள். படிப்பு, வேலை, வீடு, கோயில் நிலம் என்று குறைகள் பெருகின. "எங்களுக்காகப் பேசுவது யார்?" என்று இளைஞர்கள் கேட்டார்கள். 2007-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி ஹிண்ட்ராப் என்ற அமைப்பு கோலாலம்பூரில் மாபெரும் பேரணி நடத்தியது. போலீசார் கண்ணீர்ப்புகை வீசிக் கலைத்தார்கள். அதன் தலைவர்கள் ஐந்து பேர் விசாரணை இல்லாமல் காவலில் வைக்கப்பட்டார்கள்.

அடுத்த நான்காவது மாதமே தேர்தல் வந்தது.

விடாத டாக்டர்

டாக்டர் மைக்கேல் ஜெயகுமார் தேவராஜ் நுரையீரல் நோய் நிபுணர். மலேசிய சோஷலிஸ்டு கட்சியைச் சேர்ந்தவர். தோட்ட மக்களின் வீட்டுப் பிரச்சினை, கூலிப் பிரச்சினைகளில் பல ஆண்டுகள் பாடுபட்டவர். 1999-ல் சாமிவேலுவை எதிர்த்து நின்றார், தோற்றார். 2004-ல் நின்றார், மீண்டும் தோற்றார். 2008-ல் மூன்றாவது முறை. அவருடைய கட்சிக்கு அப்போது பதிவு இல்லை. ஆகவே மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில் நின்றார். வென்றார்!

சுங்கை சிப்புட்டில் அன்று எந்த இனத்தாரும் தனித்துப் பெரும்பான்மை இல்லை. சீனர், மலாய்க்காரர், இந்தியர், காட்டுப்பகுதி ஆதிவாசிகள் எல்லோருடைய ஓட்டும் வேண்டும். அந்தத் தேர்தலில் நாடு முழுவதும் ஆளும் கூட்டணிக்கு 140 இடங்களே கிடைத்தன. மூன்றில் இரண்டு பங்கு பலம் போயிற்று.

வென்ற டாக்டருக்கு வேலை எளிதாக இல்லை. தொகுதி வளர்ச்சிக்கு அரசாங்கம் ஒதுக்கும் பணம் ஆளும் கட்சி எம்.பி.க்களுக்குத்தான் கிடைத்தது. "என் தொகுதி மக்களும் வரி கட்டுகிறவர்கள்தானே?" என்ற வாதத்தோடு அவர் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நிற்கவில்லை.

2011-ம் ஆண்டு ஜூன் மாதம், பிரசாரத்துக்காகப் பஸ்ஸில் சென்ற அவரும் தோழர்களும் கைது செய்யப்பட்டார்கள். கம்யூனிசத்துக்கு மறுபடியும் உயிர் கொடுக்கப் பார்த்தார்கள் என்று போலீசார் குற்றம் சாட்டினார்கள். பிறகு டாக்டர் உள்பட ஆறு பேர் 1969-ம் ஆண்டு அவசரச் சட்டத்தின்படி காவலில் வைக்கப்பட்டார்கள். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.பி. நான்கு வாரம் அடைபட்டுக் கிடந்தார். ஊரெங்கும் கண்டனம் எழுந்தது. ஜூலை 29-ந் தேதி விடுதலையானார்கள்.

அதே ஆண்டின் இறுதியில் பாராளுமன்றம் பழைய அவசரநிலைப் பிரகடனங்களை ரத்து செய்தது. அத்துடன் அந்தச் சட்டமும் ஒழிந்தது.

மக்கள் கணக்கு

2013-ல் டாக்டர் மறுபடியும் வென்றார். ஆனால் 2018-ல் தம் சொந்தக் கட்சியின் சின்னத்தில் தனித்து நின்றார். டெபாசிட்டையே இழந்தார்! ஆட்சி மாற வேண்டும் என்ற வேகத்தில் மக்கள், மக்கள் நீதிக் கட்சியின் கேசவனுக்கு ஓட்டுப் போட்டார்கள். 61 ஆண்டு ஆண்ட கூட்டணி அந்தத் தேர்தலில் ஆட்சியை இழந்தது. 92 வயது மகாதீர் பிரதமர் ஆனார்.

ஆனால் மக்கள் போட்ட கணக்கை எம்.பி.க்கள் சிலர் மாற்றிவிட்டார்கள். 2020 பிப்ரவரியில் கட்சி மாறினார்கள். ஆட்சி கவிழ்ந்தது. முகிதீன் பிரதமரானார். 2021-ல் இஸ்மாயில் சப்ரி வந்தார். மக்கள் ஓட்டுப் போட்டது ஒரு முறை. வந்த பிரதமர்களோ மூன்று பேர்!

"எங்கள் ஓட்டுக்கு என்ன மதிப்பு?" என்று மக்கள் கேட்டார்கள். பதில் 2022-ல் வந்தது. ஜூலை 28-ந் தேதி கட்சித் தாவல் தடை மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. ஆதரவாக 209 ஓட்டுகள். அக்டோபர் 5-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. கட்சியை விட்டு விலகினால் எம்.பி. பதவி போகும். இடைத்தேர்தல் வரும். ஆனால் கட்சியே ஒருவரை வெளியேற்றினால் பதவி போகாது. இந்தச் சந்து சரியா என்ற விவாதம் உண்டு.

இன்னொரு நல்ல மாற்றமும் வந்தது. ஓட்டுப் போடும் வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைக்க 2019-ல் 211 எம்.பி.க்கள் ஆதரவு அளித்தார்கள். எதிர்த்து ஓட்டு விழவில்லை. மனுப் போடாமலே வாக்காளர் பட்டியலில் பெயர் சேரவும் வழி பிறந்தது. 2018-ல் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை, 2022-ல் 2 கோடியே 11 லட்சமாக உயர்ந்தது.

2022 நவம்பர் 19-ந் தேதி நடந்த தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் 112 இடம் கிடைக்கவில்லை. கட்சிகள் பேசிச் சேர்ந்தன. அன்வார் இப்ராகிம் பிரதமரானார். சுங்கை சிப்புட்டில் ம.இ.கா. தலைவர் விக்னேஸ்வரன் போட்டியிட்டார். பழைய கோட்டையை மீட்க முடியவில்லை. கேசவனே மறுபடியும் வென்றார்.

சம்பந்தன், சாமிவேலு, ஜெயகுமார், கேசவன் - 1959 முதல் அந்தத் தொகுதி கண்ட எம்.பி.க்கள் நால்வர். ஒருவர் முதலாளி மகன், ஒருவர் தொழிலாளி மகன், ஒருவர் டாக்டர், ஒருவர் பின்வந்த தலைமுறைக்காரர். யாரையும் அந்த மக்கள் காரணமில்லாமல் அனுப்பவில்லை. காரணமில்லாமல் திருப்பி அழைக்கவும் இல்லை. முன்னாளில் ஓட்டுரிமைக்குக் காத்துக் கிடந்தவர்களின் பிள்ளைகள், மந்திரியையும் மாற்றினார்கள், தாங்கள் கொண்டாடிய டாக்டரையும் மாற்றினார்கள். கையில் இருப்பது ஆளுக்கு ஒரே ஓட்டுத்தான். அதன் கனம் என்ன என்று அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.