ஆங்கிலத்தின் சுட்டுச் சொல்

ராகலைப் பகுதியில் ஆங்கிலம் பயிலும் தோட்டத்து மாணவர்க்கு இடர் தருவது மூன்றெழுத்துச் சொல் ஒன்று. 'தி' என்பதே அது. தமிழில் அதற்கு நேரான சொல் இல்லை. ஆதலால், அதனை எங்கே இடுவது, எங்கே விடுவது என்று அவர்கள் மயங்குகின்றனர். ஆயினும் அது உணர்த்தும் பொருள் நமக்குப் புதியதன்று.

"காலையில் கொழுந்து பறித்தார்கள், மாலையில் கொழுந்தை நிறுத்தார்கள்." முதலில் வந்த கொழுந்து பொதுவாக நிற்கிறது. பின்னர் வந்தது காலையில் பறித்த அதே கொழுந்து; கேட்பவர் அறிந்தது. ஆகவே 'ஐ' உருபு ஏற்றது. ஆங்கிலத்திலோ முன்னது வெறும் 'லீஃப்'. பின்னது 'தி லீஃப்'. கேட்பவர் 'எது?' என்று வினவ வேண்டாத பொருளுக்கே 'தி' உரியது.

இவ்வுருபு எல்லா இடத்திலும் துணை செய்யாது. ஆட்பெயரும் இடப்பெயரும் தமிழில் 'ஐ' ஏற்கும். ஆங்கிலத்தில் அவற்றுட் பெரும்பாலானவை 'தி' ஏலா. ராகலை, நுவரெலியா, ஸ்ரீலங்கா ஆகியவற்றுக்கு அச்சொல் வேண்டியதில்லை. 2,524 மீற்றர் உயர்ந்த பிதுருதலாகலை மலைக்கும் வேண்டியதில்லை. ஆனால் ஆற்றுக்கு வேண்டும்: 'தி மகாவலி'. தீவுக் கூட்டத்துக்கும் வேண்டும்: 'தி மால்டீவ்ஸ்'.

சில இடங்களில் இச்சொல் கருத்தையே மாற்றிவிடும். மாணவன் படிக்கச் செல்வது 'டு ஸ்கூல்'. அவன் தந்தை ஆசிரியரைக் காணச் செல்வது 'டு தி ஸ்கூல்'. நாம் பின்பற்றும் பிரித்தானிய வழக்கில், தாய் நோயாளியாகப் படுத்திருப்பது 'இன் ஹொஸ்பிட்டல்'. அமெரிக்கரோ அங்கும் 'தி' சேர்ப்பர்.

இனி, மழைக்கு ஒழுகும் லயங்களைப் பற்றித் துரைக்கு ஒரு மனு எழுதுவதாகக் கொள்வோம். 'ரிப்பேர் ரூஃப்ஸ்' என்று எழுதினால், கூரைகள் சிலவற்றைத் திருத்திவிட்டு, கேட்டதைச் செய்தோம் என்று கூற இடமுண்டு. 'ரிப்பேர் தி ரூஃப்ஸ்' என்றால், மனுவிற் சொல்லிய கூரைகள் அத்தனையும் அடங்கும்.

இது வெறும் இலக்கண வாதமன்று. 1967 நவம்பர் 22ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம், அவ்வாண்டுப் போரிற் கைப்பற்றிய பிரதேசங்களிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்றது. ஆங்கில வாசகத்தில் 'பிரதேசங்கள்' என்பதற்கு முன் 'தி' இல்லை. எல்லாப் பிரதேசங்களுமா, சிலவா என்ற வழக்கு அதனால் எழுந்தது. பிரெஞ்சு வாசகத்தை எல்லாப் பிரதேசங்களும் என்று கொள்ளலாம் என வாதித்தோர் பலர். அவ்வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை.

ஆகவே, மனுவோ ஒப்பந்தமோ எழுதுவோர் ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் முன்னும் சற்று நின்று, 'எது? எல்லாமா, சிலவா?' என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக. விடை தெளிந்தால் 'தி' தன் இடத்தில் தானே வந்து நிற்கும்.